நான்கு பழைய தீட்டுக்கற்கள்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

பழைய கைக்கருவிகளை இணையவழியில் விற்கும் ஒருவரிடமிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான்கு இயற்கைத் தீட்டுக்கற்களை ஒரே தொகுப்பாக வாங்கினேன். மரப்பெட்டியில் பதித்த வாஷிட்டா எண்ணெய்க்கல், ஒளி ஊடுருவும் அர்கன்சாஸ் கல், பெல்ஜிய மஞ்சள் கல், முடிதிருத்துவோர் பயன்படுத்திய பழைய சிலேட்டுக்கல் என்று விற்பனைக் குறிப்பு அவற்றைப் பெயரிட்டிருந்தது. அன்றிலிருந்து உளி, இழைப்புளி அலகு, சமையல் கத்தி, மடக்குச் சவரக்கத்தி ஆகிய அனைத்தையும் இவற்றில்தான் தீட்டி வருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கில் இரண்டு மிகச் சிறந்த கற்கள். ஒன்று ஒரே ஒரு வேலைக்கு மட்டும் உகந்தது. மற்றொன்று தீட்டுக்கல்லே அல்ல.

தீட்டுக்கல்லே அல்லாத அந்தக் கல்தான் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது. பழைய கல்லை வாங்குபவர் பெரும்பாலும் ஒரு பெயரைத்தான் விலை கொடுத்து வாங்குகிறார். அந்தப் பெயரைச் சூட்டியவர் விற்பவர். அவருக்கும் அது வேறு யாரோ சொன்னது. பெட்டி மாறியிருக்கலாம், சீட்டு உரிந்திருக்கலாம், நூறாண்டு எண்ணெய் படிந்து நிறம் முழுவதும் மறைந்திருக்கலாம். ஆனால் கல்லின் எடை, கடினம், துளை, அது எஃகின் மேல் விடும் கீறல் ஆகியவை மாறுவதில்லை. இவற்றைச் சோதிக்கத் தேவையானவை ஒரு சமையலறைத் தராசு, கொஞ்சம் வினிகர், ஓர் இரும்பு ஆணி, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஆகியவை மட்டுமே. பொதியைப் பிரித்த அன்றே இந்தச் சோதனைகளை நான் செய்திருந்தால், திருப்பி அனுப்புவதற்கான காலக்கெடு முடிவதற்குள் விற்பவருக்கு எழுதியிருப்பேன்.

எதைச் சோதிப்பதற்கும் முன் கல்லைச் சுத்தம் செய்தாக வேண்டும். எண்ணெய்க்கல் என்று வருபவை பெரும்பாலும் கறுப்பாகவோ அடர்பழுப்பாகவோ இருக்கும். அது கல்லின் நிறமன்று. உலர்ந்து பசையான எண்ணெயும் நுண்ணிய இரும்புத் துகளும் சேர்ந்த அழுக்கு. என் வாஷிட்டா, வெல்லப்பாகில் தோய்த்து எடுத்ததுபோல் வந்து சேர்ந்தது. மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இடையிடையே பழைய பல் துலக்கியால் தேய்த்து, பிறகு பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசலில் இரண்டு நாள் போட்டு வைத்தேன். ஒவ்வொரு முறை நீரை மாற்றும்போதும் மேலே பழுப்பு வளையங்கள் மிதந்தன. ஆறாம் நாள் வெளிப்பட்டது பாலேட்டின் நிறமும், ஒரு பக்கமாக ஓடிய மெல்லிய செம்பழுப்பு வரிகளும் கொண்ட கல். வாஷிட்டா என்ற பெயர் உண்மையாக இருக்கக்கூடும் என்று அப்போதுதான் முதன்முதலில் தோன்றியது. கொதிநீரை மட்டும் யாரும் ஊற்ற வேண்டாம். திடீர் வெப்ப மாற்றத்தில் கண்ணுக்குத் தெரியாத பழைய விரிசல் முழுப் பிளவாக மாறிவிடும்.

அடுத்தது அடர்த்தி. கல்லின் எடையை முதலில் உலர்ந்த நிலையில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தராசின் மேல் நீர் ஊற்றிய பாத்திரத்தை வைத்து, எண்ணைச் சுழியாக்கி, கல்லை நூலில் கட்டி அடியையும் சுவரையும் தொடாதவாறு நீருக்குள் முழுவதும் இறக்கினால், தராசு காட்டும் கிராம் எண்ணிக்கைதான் கல்லின் கன அளவு கன சென்டிமீட்டரில். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். எட்டு அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் கொண்ட என் வாஷிட்டா உலர்ந்தபோது 412 கிராம் இருந்தது. நீரில் இறக்கியபோது தராசு 186 காட்டியது. ஆக, அடர்த்தி ஏறத்தாழ 2.2. அர்கன்சாஸ் மாநிலத்தின் வாஷிட்டா மலைத்தொடரில் கிடைக்கும் நோவாகுலைட் என்னும் பாறை ஏறக்குறையத் தூய சிலிக்காவால் ஆனது; மிக நுண்ணிய குவார்ட்ஸ் படிகங்கள் ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்து உருவானது. இடைவெளியே இல்லாத குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. பாறையில் நுண்துளைகள் கூடக்கூட இந்த எண் குறையும், கல் வேகமாக வெட்டும். துளைகள் அருகினால் எண் உயரும், கல் மெதுவாகவும் நுட்பமாகவும் வேலை செய்யும். வாஷிட்டாவும் மென் அர்கன்சாஸும் கீழ்ப்பக்கம் நிற்பவை. ஒளி ஊடுருவும் வகையும் கறுப்பு வகையும் 2.5-ஐத் தாண்டி மேலே நிற்பவை. எண்ணெய் ஊறிய கல்லை எடைபோட்டால் துளைகளில் காற்றுக்குப் பதில் எண்ணெய் இருப்பதால் கணக்கு தவறிவிடும் என்பதால்தான் சுத்தம் செய்வதை முதலில் வைத்தேன்.

இனி அந்த ‘ஒளி ஊடுருவும் அர்கன்சாஸ்’. விற்பனைப் படத்தில் கல்லின் ஓரத்தில் ஒரு கைவிளக்கை ஒட்டிப் பிடித்திருந்தார்கள். ஓரம் முழுவதும் மெல்லிய ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. அதைக் கண்டு நானும் மயங்கிவிட்டேன். ஆறு அங்குல நீளம், பால்வெள்ளை, ஒரு கீறல்கூட இல்லாத முகம். அப்படியொரு முகமே என்னை எச்சரித்திருக்க வேண்டும். உழைத்த கல்லில் ஏதாவது ஒரு வடு இருந்தே தீரும். வாங்கி ஒரு மாதம் கழித்து, உளியின் கூர் இதில் ஏறாமல் மழுங்குவதைப் பார்த்த பிறகுதான் தராசை எடுத்தேன். உலர் எடை 344 கிராம், கன அளவு 127, அடர்த்தி 2.7-க்குச் சற்று மேல். நோவாகுலைட்டால் 2.65-ஐத் தாண்ட இயலாது. கல்லின் பின்பக்க மூலையில் ஒரு சொட்டு வினிகரை விட்டு லென்ஸ் வழியாகப் பார்த்தேன். சிறு சிறு குமிழிகள் வரிசையாக எழுந்தன. இரும்பு ஆணியால் கோடிழுத்தபோது ஆணி வெள்ளைப் பள்ளத்தைத் தோண்டிக்கொண்டு போயிற்று. அதே ஆணியால் வாஷிட்டாவின் பக்கவாட்டில் இழுத்தால் பள்ளம் விழவில்லை. சாம்பல் நிற உலோகக் கோடுதான் படிந்தது, தேய்ந்தது ஆணியின் முனை. கல் குவார்ட்ஸா, பளிங்கின் சுண்ணாம்புக் கனிமமான கால்சைட்டா என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. நான் வாங்கியிருந்தது அழகாக அறுத்து மெருகேற்றிய பளிங்கு. பளிங்கும் ஒளியைக் கசியவிடும் என்பதை அந்தக் கைவிளக்குப் படம் சொல்லவில்லை. விற்பவருக்கு எழுதினேன், தமக்கும் அப்படிச் சொல்லித்தான் தந்தார்கள் என்று பதில் வந்தது. அது உண்மையாகவே இருக்கலாம். பணம் மட்டும் திரும்பவில்லை.

நல்ல கற்களுக்கு வருகிறேன். வாஷிட்டாவைத்தான் இந்தத் தொகுப்பின் தலைமணியாக மதிக்கிறேன், ஆகவே அதற்குச் சற்று அதிக இடம் ஒதுக்குவதில் எனக்குத் தயக்கமில்லை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த பைக் நிறுவனம் அமெரிக்கத் தீட்டுக்கல் வணிகத்தில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது. 1932-இல் அதை நார்ட்டன் நிறுவனக் குழுமம் வாங்கிக்கொண்டது. வாஷிட்டாக் கற்களைத் தரம் பிரித்து, பழுதற்ற மேல்தர வெண்கற்களுக்கு ‘லில்லி ஒயிட்’ என்ற பெயரிட்டுச் சீட்டு ஒட்டி விற்றார்கள். அந்தச் சீட்டு பிழைத்திருந்தால் இன்று கல்லின் விலை பல மடங்கு ஏறிவிடுகிறது. என் கல்லில் சீட்டு இல்லை. பெட்டியின் மூடிக்குள் ஒரு காலத்தில் காகிதம் ஒட்டியிருந்த நீள்சதுரத் தடம் மட்டும் வெளிறித் தெரிகிறது. அது எந்தத் தரம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது; தீட்டும்போது அந்தக் குறை எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

உறைத்த குறை வேறு. கல்லின் நடுப்பகுதி ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் குழிந்திருந்தது. முன்பு இருந்தவர் குறுகிய உளிகளை நடுவிலேயே இழுத்துப் பழகியவர் போலும். குழிந்த கல்லில் கத்தியை ஒருவாறு தீட்டிவிடலாம், ஆனால் இழைப்புளி அலகையோ உளியின் முதுகையோ தட்டையாக்க முடியாது. தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் 80 எண் கொண்ட (எண் சிறிதானால் துகள் பெரிது) சிலிக்கான் கார்பைடு தூளைத் தூவி, நீர் விட்டு, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டுக் குப்புற வைத்து எட்டு வடிவில் தேய்த்தேன். தூள் உடைந்து சத்தம் மெலியும்போதெல்லாம் வழித்துவிட்டுப் புதிதாகத் தூவ வேண்டும். நடுவிலிருந்த பென்சில் கோடுகள் மறைய நான்கு மாலைகள் ஆயின. வைரத் தகடு இருக்கிறதே என்று இந்த வேலைக்கு அதைக் கொண்டுவருபவர்களை எச்சரிக்கிறேன்: நோவாகுலைட் வைரத் தகட்டின் கூர்மையைத்தான் முதலில் தின்னும். எச்சரிக்கை இன்னொன்றும் உண்டு. இந்தக் கல்லின் தூள் சிலிக்கா. உலர்ந்த நிலையில் தேய்த்து எழும் புழுதியைச் சுவாசிப்பது நுரையீரலைக் கெடுக்கும். எப்போதும் ஈரமாகவே தேய்க்க வேண்டும், சேற்றை உலரவிடாமல் கழுவ வேண்டும்.

முகத்தை எந்த அளவுக்கு மெருகேற்றி நிறுத்துவது என்பது கல்லின் பெயரைவிட முக்கியமான முடிவு. நோவாகுலைட்டின் துகள்கள் எளிதில் உதிர்வதில்லை. ஆகவே அதன் முகம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அது வெட்டும். கரடாக விட்டால் வேகம், வழவழப்பாக்கினால் நுட்பம். என் வாஷிட்டாவின் ஒரு முகத்தை 80 எண் தூளோடு நிறுத்திவிட்டேன்; மறு முகத்தை 220 வரை கொண்டுபோனேன். ஒரே கல் இப்போது இரண்டு கற்களின் வேலையைச் செய்கிறது. சில மாதப் பயன்பாட்டில் முகம் கண்ணாடிபோல் மினுங்கி எஃகு வழுக்கத் தொடங்கும். பலர் அந்த நிலையில் ‘கல் செத்துவிட்டது’ என்று பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள், அப்படிப் போட்ட கற்கள்தாம் நம் கைக்கு வருகின்றன. சிறிதளவு தூளில் இரண்டு நிமிடம் தேய்த்தால் பழைய வேகம் திரும்பிவிடும்.

பயன்பாட்டில் வாஷிட்டாவின் தனிக்குணம் அழுத்தத்துக்கு அது பதில் சொல்லும் விதம். மழுங்கிய அரை அங்குல உளியை எடுத்துக்கொள்வோம். மெல்லிய கனிம எண்ணெயை ஐந்தாறு சொட்டு விட்டு, 25 பாகைச் சரிவைக் கல்லில் பதித்து, இரண்டு கை எடையையும் கொடுத்துத் தள்ளினால் எண்ணெய் நான்கைந்து இழுப்பிலேயே சாம்பல் நிறமாகிறது. கையில் நறநறவென்ற உணர்வு தெளிவாகத் தெரிகிறது. இருபது இழுப்புக்குள் உளியின் முதுகுப் பக்கம் விரலில் பிசிறு தட்டுப்படும். அதன்பின் கல்லை மாற்ற வேண்டியதில்லை. அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசிப் பத்து இழுப்புகளில் உளியின் சொந்த எடையை மட்டும் விட்டால் அதே முகம் வேறொரு கல்லாகிவிடுகிறது. நறநறப்பு அடங்கி, வெண்ணெயில் இழுப்பதுபோன்ற மௌனம். முதுகைத் தட்டையாக வைத்து இரண்டு இழுப்பு, தோல்வாரில் பத்து இழுப்பு. மென்மரத்தின் வெட்டுமுகத்தை நொறுக்காமல் பளபளவென்று சீவும் கூர் கிடைத்துவிடுகிறது. இத்தனைக்கும் ஆகும் நேரம் ஐந்து நிமிடத்துக்கு உட்பட்டது. செயற்கைக் கற்களில் இதே பயணத்துக்கு இரண்டு அல்லது மூன்று கற்களை அடுக்கி வைக்க வேண்டியிருந்தது.

பெல்ஜிய மஞ்சள் கல்லுக்கு முறையான பெயர் கோட்டிக்யூல். ஆர்டென் மலைப்பகுதியில் வீல்சாம் ஊரை ஒட்டிய நிலத்தில் மெல்லிய படிவங்களாக மட்டும் கிடைப்பது. நுண்ணிய மைக்காவுக்குள் ஸ்பெசார்டின் என்னும் மாங்கனீசு கார்னெட் படிகங்கள் நெருக்கமாகப் பதிந்திருப்பதே இதன் அமைப்பு. கார்னெட் குவார்ட்ஸுக்கு இணையான, சற்றே மிஞ்சிய கடினம் உடையது. ஆனால் பன்னிரண்டு முகங்களோடு உருண்டைக்கு நெருங்கிய வடிவில் படிகமாவதால் அது எஃகில் ஆழமான பள்ளம் தோண்டுவதில்லை. அகலமான, ஆழமற்ற தடத்தைத்தான் விடுகிறது. துகளின் பருமனை மட்டும் பார்த்தால் நம்ப முடியாத மென்மையான கூர் இதில் கிடைப்பதற்குக் காரணம் இதுவே. மஞ்சள் படிவம் மெல்லியதும் நொறுங்கக்கூடியதும் ஆகையால் அதற்கு ஒரு முதுகுக்கல் தேவைப்படுகிறது. பாறையிலேயே நீலச் சிலேட்டோடு ஒட்டி வளர்ந்த கல்லும் உண்டு, வெட்டியெடுத்த மஞ்சள் பலகையைச் சிலேட்டின் மேல் பசையால் ஒட்டிய கல்லும் உண்டு. பக்கவாட்டில் லென்ஸை வைத்துப் பார்த்தால் இயற்கை இணைப்பில் எல்லைக்கோடு நெளியும், நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று சற்று ஊடுருவும். ஒட்டிய கல்லில் கோடு அளவுகோல் வைத்ததுபோல் நேராகவும், இடையில் பசையின் இருண்ட கீற்றோடும் இருக்கும்.

இதை நான் இவ்வளவு துல்லியமாக எழுதுவதற்குக் காரணம், முன்பே பார்க்கத் தவறியதுதான். வாஷிட்டாவுக்குச் செய்த அதே சுத்தத்தை இதற்கும் செய்வோம் என்று சூடான சோப்பு நீரில் இரவு முழுவதும் போட்டு வைத்தேன். பழைய கற்களில் பயன்படுத்திய பசை பெரும்பாலும் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரம். சூட்டிலும் ஈரத்திலும் இளகிவிடும். காலையில் கல்லைத் தூக்கியபோது கைக்கு வந்தது சிலேட்டு மட்டும். மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத மஞ்சள் பலகை பாத்திரத்தின் அடியில் கிடந்தது. அதை எடுக்கும் பதற்றத்தில் விரலிடுக்கில் நழுவி ஒரு முனை முறிந்தது. யாரையும் குறை சொல்ல வழியில்லை. பெரிய துண்டைத் தட்டையான புதுச் சிலேட்டின் மேல் எப்பாக்ஸி பசையால் ஒட்டினேன். முன்பு ஏழு அங்குலமாக இருந்த கல் இப்போது ஐந்தரை அங்குலம். வேலையில் எந்தக் குறைவும் இல்லை.

கோட்டிக்யூலின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அதன் குழம்பு. நீர் தெளித்து, அதே இனக் கல்லின் சிறு துண்டால் முகத்தைத் தேய்த்தால் பால்போன்ற வெண்குழம்பு எழும்பும். விடுபட்ட கார்னெட் துகள்கள் அதில் உருண்டு வேகமாக வெட்டும். மடக்குச் சவரக்கத்தியின் முதுகும் கூரும் கல்லில் ஒருசேரப் படியும்படி வைத்து, முப்பது இழுப்புக்கு ஒருமுறை விரல்நுனியால் இரண்டு சொட்டு நீர் சேர்த்துக் குழம்பை நீர்க்கச் செய்துகொண்டே போனால், கூரும் அதோடு சேர்ந்து நுணுகிக்கொண்டே போகும். குழம்பு முற்றிலும் மறைந்து தெளிநீர் மட்டும் எஞ்சும் கட்டத்தில் கத்தி கல்லை உறிஞ்சிப் பிடிப்பதுபோல் ஒட்டத் தொடங்குவதைக் கை உணரும். அந்த உணர்வு வராமல் நிறுத்தினால் சவரம் எரிச்சலாக முடியும் என்பது என் கன்னம் கற்ற பாடம். சமையல் கத்திக்கு இந்தக் கடைசிக் கட்டம் தேவையற்றது. நடுத்தரக் குழம்போடு நிறுத்திய கூர் தோலுள்ள காய்களில் வழுக்காமல் இறங்குகிறது.

சிலேட்டுக்கல்லைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. சாம்பல் கலந்த பச்சை நிறம், துளையே தெரியாத இறுக்கம், நீர் பட்டவுடன் எழும் களிமண் வாசம், கல் இருண்டிருந்தும் குழம்பு வெளிறியிருத்தல் ஆகியவற்றைக் கொண்டு இது ஜெர்மனியின் துரிங்கியப் பகுதிக் கல் என்று கருதுகிறேன். அப்பகுதியின் சோன்னபெர்க் நகரிலிருந்து எஷர் நிறுவனம் இத்தகைய கற்களைச் சீட்டும் முத்திரையும் இட்டு உலகெங்கும் அனுப்பியது. என் கல்லில் எந்த முத்திரையும் இல்லை, ஆகவே அந்தப் பெயரை நான் அதற்குச் சூட்டப்போவதில்லை. கோட்டிக்யூலில் முடித்த சவரக்கத்தியை இதன்மேல் தெளிநீரில் இருபது முறை இழுத்தால் கூர் இன்னும் ஒரு படி மென்மையாகிறது. உளியையோ சமையல் கத்தியையோ இதில் தீட்டுவது நேர விரயம். மேற்பரப்பும் சீக்கிரம் தடம் வாங்கிவிடும். சவரக்கத்தி பயன்படுத்தாதவர் இத்தகைய கல்லுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் கிடைத்த சார்ன்லி வனக் கல்லும் இதேபோல் பச்சை சார்ந்தது. அதில் பெரும்பாலும் செம்பழுப்புப் புள்ளிகள் தெளித்திருக்கும், கடினமும் மிக அதிகம். ஆணிச் சோதனை இரண்டையும் பிரித்துவிடும்.

எண்ணெயா, நீரா என்ற வழக்கு தீட்டுக்கல் அளவுக்கே பழையது. கிரீட் தீவுக் கல்லுக்கு எண்ணெய், நக்சோஸ் தீவுக் கல்லுக்கு நீர், முடிதிருத்துவோரின் ஒரு வகைக் கல்லுக்கு மனித உமிழ்நீர் என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான பிளினி பிரித்து எழுதியிருக்கிறார். என் அனுபவத்தில் திரவத்தின் வேலை ஒன்றே: சீவிய எஃகுத் துகளைக் கல்லின் துளைக்குள் அடையவிடாமல் மிதக்க வைப்பது. சுத்தம் செய்த வாஷிட்டாவில் சோப்பு கலந்த நீரும் நன்றாகவே வேலை செய்கிறது. எண்ணெய் சற்று இதமாக இருக்கிறது என்பதால் அதையே தொடர்கிறேன். கோட்டிக்யூலுக்கும் சிலேட்டுக்கும் நீர் மட்டுமே. எதற்கும் சமையல் எண்ணெய் கூடாது. அது காற்றில் உலர்ந்து பிசினாகும். ஆறு நாள் நான் சுரண்டிய அழுக்கு அப்படி உருவானதுதான்.

இந்தக் கற்களின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். சாதாரண கார்பன் எஃகிலும் பழைய கருவி எஃகிலும் இவை மகிழ்ச்சியாக வேலை செய்கின்றன. வனேடியம் மிகுந்த இன்றைய கத்தி எஃகுகளைக் கொண்டுவந்தால் கதை மாறுகிறது. அவற்றிலுள்ள வனேடியம் கார்பைடு குவார்ட்ஸையும் கார்னெட்டையும்விட மிகவும் கடினமானது, கல் அதைச் சுற்றியுள்ள இரும்பை மட்டும் தேய்த்துவிட்டு நிற்கும். அத்தகைய கத்திக்கு வைரத் தகடே சரி. உடைந்த முனையைச் சீராக்குவது, சரிவின் கோணத்தை மாற்றுவது போன்ற பெருவேலைகளுக்கும் நான் செயற்கைக் கல்லைத்தான் எடுக்கிறேன். 1891-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் அச்செசன் சிலிக்கான் கார்பைடை உருவாக்கிய பிறகு இயற்கைக் கற்களின் வணிகம் தேய்ந்ததற்கு வலுவான காரணம் இருந்தது: செயற்கைக் கல் வேகமானது, ஒவ்வொன்றும் ஒரே மாதிரியானது. அலுமினியம் ஆக்சைடில் செய்த செம்பழுப்புக் கற்களும் அந்த வரிசைதான். அதன் இயற்கை வடிவமான குருந்தத்தின் தமிழ்ப் பெயரைத்தான் ஆங்கிலம் கொரண்டம் என்று எடுத்துக்கொண்டது என்பது இந்த இடத்தில் சொல்லாமல் விட மனம் வராத செய்தி. பழைய பொருள் விற்பவர்களிடம் இந்தச் செயற்கைக் கற்களும் ‘பழமையான இயற்கைக் கல்’ என்ற பெயரில் கிடக்கின்றன. லென்ஸில் பார்த்தால் ஒரே அளவுத் துகள்கள் சீராக அடுக்கியிருப்பதும், சிலிக்கான் கார்பைடாக இருந்தால் அவை கருமையாக மினுக்குவதும் காட்டிக்கொடுத்துவிடும். இயற்கைக் கல்லில் எங்காவது ஒரு வரி, ஒரு கறை, ஒரு நிறமாற்றம் இருக்கும்.

விற்பனைக் குறிப்புகளில் இயற்கைக் கல்லுக்கு 8000, 12000 என்று எண் போட்டிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த எண்கள் சலித்துப் பிரித்த துகள்களுக்கானவை. மலை தன் துகளைச் சலித்துத் தருவதில்லை. மாறாக, விற்பவரிடம் நான்கு படங்கள் கேட்பேன்: நேர்விளிம்பு ஒன்றை முகத்தின் மேல் வைத்து எடுத்தது, நான்கு பக்கவாட்டுகளும் தெரிவது, நீர் தெளித்த முகம், தராசின் மேல் கல். ஈர முகத்தில் விரிசல் கோடு மற்ற இடங்களைவிடத் தாமதமாக உலர்வதால் படத்திலேயே தெரிந்துவிடும். பெட்டியிலிருந்து கல்லைப் பெயர்த்தெடுத்துக் காட்டச் சொல்ல மாட்டேன். இறுகப் பதிந்த கல்லை நெம்புவதில் உடைந்தவை ஏராளம். என் வாஷிட்டா மண்ணெண்ணெயின் தயவில் தானாகக் கழன்றது வெறும் நல்லூழ். கியோட்டோ மலைகளின் ஜப்பானியக் கற்களைத் தேடுபவருக்கு மேலும் ஒன்று: அவை அடுக்கடுக்கான படிவப் பாறை, பக்கவாட்டில் நீர் இறங்கினால் அடுக்குப் பிரியும் என்பதால் அங்கே அரக்குப் பூச்சு இருப்பது நல்ல அறிகுறி; முகத்திலுள்ள மை முத்திரையை மட்டும் நம்பி விலையை ஏற்றிக் கொடுப்பது அறிவுடைமையாகாது, ஏனெனில் முத்திரைக் கட்டையை யார் வேண்டுமானாலும் கையில் பிடிக்கலாம்.

மொத்தத்தில் இந்தத் தொகுப்பை மீண்டும் வாங்குவேனா என்றால், வாஷிட்டாவுக்காகவும் கோட்டிக்யூலுக்காகவும் தயங்காமல் வாங்குவேன். அதே விற்பவரிடம் வாங்க மாட்டேன். பளிங்குத் துண்டு இப்போது தீட்டும் பலகையின் ஒரு பக்கம் தாழ்ந்துவிடாமல் இருக்க முட்டுக்கொடுத்து நிற்கிறது. கோட்டிக்யூலிலிருந்து முறிந்த முனையை ஓரங்களை மழுக்கி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பொருந்தும்படி தேய்த்துக்கொண்டேன். குழம்பு எழுப்புவதற்கென்று தனியாக விற்கும் சிறுகல்லை இனி நான் வாங்க வேண்டியதில்லை.